ஃப்ரெஷர் சுலோசனா

ரயிலில் கைப்பிடி வளையங்களைப் பற்றி நிற்கும் கைகளைத்தான் சுலோசனா முதலில் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். ஆவடியிலிருந்து காலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பும் மின்ரயிலில், பெண்கள் பெட்டியில், என் எதிரே வந்து உட்கார்ந்ததும் அவர் பார்வை ஒவ்வொரு முழங்கையாகத் தடவிக்கொண்டு போகும். "இந்தப் பொண்ணுக்குக் கண்ண மூடிகினு போடலாம். நரம்பு கயிறு மாதிரி கீது பாரு" என்பார் மெதுவாக. பிறகு அடுத்த கை. "அந்தம்மா கை கீதே, நாலு தபா குத்துனாலும் கெடைக்காது. சக்கர ஒடம்பு. கட்டவெரல் பக்கம்தான் தேடணும்." அண்ணனூர் தாண்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேருக்கு மனத்துக்குள்ளேயே ட்ரிப்ஸ் ஏற்றி முடித்திருப்பார்.

உண்மையில் இப்போது அவர் யாருக்கும் ஊசி போடுவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து, அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படிக்கிறார். எந்த நோய், என்ன சிகிச்சை என்று பார்த்து அதற்குரிய எண்ணைக் கணினியில் போடவேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். கழுத்தில் தொங்கும் அட்டையில் அவர் பெயருக்குக் கீழே 'டிரெயினி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வயது நாற்பத்தைந்து.

அதற்கு முன்னால் இருபது வருடம் பூந்தமல்லிப் பக்கம் நாற்பது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தார். கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்துகூட அவரைத் தேடி ஆள் வருவதுண்டாம். படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வரும் டூட்டி டாக்டர்கள் நெஞ்சுவலிக்காரர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்போது, "சார், நீங்க சொன்ன ஊசி எடுத்தாந்துட்டேன்" என்று, அவர்கள் சொல்லவே சொல்லாத ஊசியோடு போய் நிற்பாராம். டாக்டருக்கும் மானம் போகாது, நோயாளிக்கும் உயிர் போகாது. இதைச் சொல்லும்போது மட்டும் சுலோசனா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

வீடு கோவில்பதாகையில். கணவர் இளங்கோவின் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் அங்கே நிலம் இருந்தது. மனை மனையாகப் போனபின் மிஞ்சியது இரண்டு அறை வீடும் ஒரு முருங்கை மரமும்தான். இளங்கோ பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்துவந்தார். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நர்சிங் ஹோம் சம்பளத்தில் கல்லூரியா கறிகாயா என்று கேள்வி வந்த சமயத்தில்தான், நிஷா தன் அப்பாவைக் காய்ச்சலோடு அங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

நிஷா மாங்காட்டுப் பெண். ஏழு வருடத்துக்கு முன் அதே நர்சிங் ஹோமுக்குப் பயிற்சி நர்ஸாக வந்தவள். முதல் நாள் ஒரு சர்க்கரைக்காரரின் காலில் கட்டுப் பிரித்தபோது மயங்கி விழுந்துவிட்டாள். சுலோசனாதான் தண்ணீர் தெளித்து எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, மறுநாள் அதே காலுக்கு அவளையே கட்டுப் போட வைத்தார். இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கோடிங் வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அப்பாவின் கட்டிலருகே நின்றபடி, ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்ற வந்தவரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி: "சிஸ்டர், நீங்க இன்னும் இங்கயேவா இருக்கீங்க?"

"அந்த 'இன்னும்' கீதே" என்றார் சுலோசனா என்னிடம். "அது நெஞ்சுல எறங்கிச்சு. கெட்ட பொண்ணு இல்ல அது. ஆச்சரியமாத்தான் கேட்டுச்சு."

நிஷாதான் எல்லாம் விளக்கினாள். என்ன படிக்கவேண்டும், எந்தத் தேர்வு எழுதவேண்டும், எவ்வளவு கிடைக்கும் என்று. "உங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி தெரியாதவங்கல்லாம் அங்க உட்கார்ந்திருக்காங்க சிஸ்டர்" என்றாள்.

டூட்டி முடிந்த மாலைகளில் அம்பத்தூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் வகுப்பு. சுற்றிலும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் 'மேடம்' என்றார்கள், ஆசிரியை என்று நினைத்து. இரண்டாம் வாரத்திலிருந்து 'ஆன்ட்டி'. பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் ஒவ்வொரு எலும்பையும் காட்டி ஆசிரியர் பெயர் சொல்லிக்கொண்டே போனபோது, அந்த எலும்புகள் உடைந்தால் என்ன சத்தம் வரும் என்பதுவரை தெரிந்த ஒரே ஆள் சுலோசனாதான். ஆனாலும் முதல் தடவை தேர்வில் தோற்றார். நேரம் போதவில்லை. "ஒவ்வொரு கேள்வியும் ஒரு பேஷண்டாச்சே. நான் நின்னு பாத்துகினு இருந்துட்டேன்." இரண்டாம் தடவை தேறினார்.

கம்பெனியில் சேர, முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். நர்சிங் ஹோமில் நிர்வாகமெல்லாம் டாக்டரின் மனைவி ரேகா கையில். நல்ல மாதிரிதான் பேசுவார். அன்றைக்கும் உட்காரச் சொல்லித்தான் பேசினாராம்.

"இருபது வருஷம்னு என்னால எழுத முடியாதும்மா. எழுதினா நாளைக்கு பி.எஃப். எங்க, கிராஜுவிட்டி எங்கன்னு வந்து நிப்பீங்க. உங்களுக்கு நாங்க எப்பவும் ரெஜிஸ்டர்ல ஏத்தாம வவுச்சர்லதானே சம்பளம் குடுத்தோம். ரெண்டு வருஷம்னு போட்டுத் தர்றேன். எங்க போனாலும் அது போதும்."

சுலோசனா கேட்டார்: "எந்த ரெண்டு வருசம் மேடம்?"

ரேகாவுக்குப் புரியவில்லை. "எந்தன்னா? கடைசி ரெண்டுதான்."

"கொரோனா வந்த வருசத்தப் போடுங்க மேடம். அதுல இருந்து ரெண்டு. அப்ப பதினெட்டு நாளு நான் ஊட்டுக்கே போவல."

"தேதி தொடர்ச்சியா வரணும்மா. கடைசி ரெண்டுதான் சரியா இருக்கும்."

அப்படியே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுக் கொடுத்தார். சுலோசனா வாங்கிக்கொண்டு, வழக்கம்போல, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. "பதினெட்டு வருசத்தத் தூக்கிக் கடாசிட்டாங்க. நான் தேங்க்ஸ் சொல்லிட்டு வரேன். வாய் பழகிப்போச்சு."

இத்தனை பாடுபட்டு வாங்கிய கடிதத்தைக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் கிருபாகரன் என்ற இளைஞர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பில் செருகியபடியே சொன்னார்: "இது ஹாஸ்பிடல் எக்ஸ்பீரியன்ஸ்ங்க மேம். இங்க கணக்குல வராது. நீங்க ரெண்டு வருஷம் பார்த்திருந்தாலும் இருபது வருஷம் பார்த்திருந்தாலும் எங்களுக்கு ஃப்ரெஷர்தான்."

முதல் மாதச் சம்பளம், அவர் நர்சிங் ஹோமில் கடைசியாக வாங்கியதைப் போல ஒன்றரை மடங்கு. செய்தி கைபேசியில் வந்ததும் இளங்கோவிடம் காட்டினார். இளங்கோ இரண்டு தடவை பார்த்தார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "அப்ப இத்தினி வருசமா இன்னாத்துக்கு அங்க நின்னுகினு இருந்த?"

சுலோசனா எழுந்து போய் அரிசி களைந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மாடி வாசலில் காவலர் அவருடைய பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் உள்ளே காகிதம், பேனா, கைபேசி எதற்கும் அனுமதி இல்லை. இருபது வருடமாக மார்புப் பையில் பேனா இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்ததில்லை அவர். அன்று முழுவதும் கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்ததாம். பக்கத்து நாற்காலிப் பெண் நெஞ்சுவலியா என்று கேட்டிருக்கிறாள்.

இன்னொரு பழக்கமும் மாறவேண்டியிருந்தது. அங்கே யாரும் யாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடக்கூடாது, பெயர்தான். அவருடைய வேலையைச் சரிபார்க்க நியமிக்கப்பட்டவள் நிஷா. மாடிப்படியில், கேன்டீனில், ரயில் நிலையத்தில் எல்லாம் 'சிஸ்டர்' என்பவள், உள்ளே நுழைந்ததும் 'சுலோசனா' என்பாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவள் காது சிவந்துபோனதை சுலோசனா கவனித்தார். "நீ கூப்புடுமா. சட்டம்னா சட்டம்தான்" என்றார்.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக இருக்கவேண்டும். குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் சுலோசனாவின் கணக்கு தொண்ணூறைத் தாண்டவில்லை. கூடச் சேர்ந்த பிள்ளைகளில் பலர் முதல் வாரத்திலேயே தொண்ணூற்றாறைத் தொட்டிருந்தார்கள். அவருடைய தவறுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அதில் ஒன்றை அவர் என்னிடம் வரி வரியாகச் சொன்னார்.

எழுபத்தோரு வயது அமெரிக்கப் பெண்மணி. ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். குளிர் காய்ச்சலோடு மகள் கொண்டுவந்து அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறாள். அங்கிருந்த டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று எழுதி, மாத்திரை கொடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுலோசனா அதற்கு செப்சிஸ் என்று எண் போட்டார். தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது, உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம்.

நிஷா தன் திரைக்கு அவரைக் கூப்பிட்டாள். "சுலோசனா, இதுல செப்சிஸ்னு எங்க இருக்கு?"

"எழுதல. ஆனா கீது."

"டாக்டர் எழுதலையே."

"எழுதாத டாக்டருங்கள எத்தினி பேர நாம பாத்துகீறோம் நிஷா. பிபி எண்பத்தெட்டு. பல்சு நூத்தி இருவத்தாறு. ரெண்டு தபா குளுரு தூக்கிப் போட்டுகீது. பெத்த பொண்ணு பேரு கேட்டா தெரியலன்னு சொல்லிகீது. இதுக்கு இன்னா பேரு? நீயே சொல்லு."

நிஷாவுக்குத் தெரியாமல் இல்லை. இதே அடையாளங்களை ஒரு கிழவரின் கட்டிலருகே நிறுத்தி, ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டிக்கொடுத்தவர் சுலோசனாதான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குத் தெரியும் சிஸ்டர். தெரியும்கிறதுக்காக நாம போட முடியாது. டாக்டர் எழுதினாதான் நமக்கு அது நோய்." பிறகு பழைய குரலில், "ஒரு எரர் போடறேன், சுலோசனா" என்றாள்.

"டாக்டருக்கு ஒரு வரி எழுதிக் கேக்கலாமே."

"டிரெயினி கேக்க முடியாது. நான் கேக்கணும். நான் கேட்டா அந்த ஆஸ்பத்திரி, கோடர் எதுக்கு வைத்தியம் பார்க்கறாங்கன்னு நம்ம மேனேஜரக் கேக்கும்."

அந்தக் குறிப்பு இங்கே வருவதற்குள் பத்து நாள் ஆகியிருந்தது. அதாவது அந்த அம்மாள் காய்ச்சலோடு வீட்டுக்குத் திரும்பிப் பத்து நாள். "அந்தம்மா திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும். இல்லன்னா வந்திருக்காது" என்றார் சுலோசனா. அதன்பின் பல வாரம், தன் திரைக்கு வரும் ஒவ்வொரு குறிப்பிலும் அந்த அம்மாளின் பிறந்த தேதியைத் தேடினார். ஒருநாளும் வரவில்லை. வேறு யாருடைய திரைக்காவது போயிருக்கலாம் என்று சமாதானம் சொன்னேன். "ஆமா, போயிருக்கும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

நான்காவது மாடிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறார்களாம். எழுதப்படாதது செய்யப்படாதது என்று பொருள் வரும் ஆங்கில வாசகம். கோடிங் வேலைக்கு அதுதான் முதல் விதி. சுலோசனா ஒரு முறை அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "ரேகா மேடம் இங்க வேல பாத்தா முதல் நாளே நூத்துக்கு நூறு வாங்கும்."

மூன்றாவது மாதம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோயாளியின் ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் எல்லாம் எழுதியிருக்கும் பக்கம் வந்ததும் நிற்காமல் வேகமாகத் தள்ளிவிடுவது. கண்ணில் பட்டால்தானே புத்தி வேலை செய்கிறது. டாக்டர் கடைசியில் எழுதியிருக்கும் நான்கு வரியை மட்டும் படிப்பது, அதற்கு எண் போடுவது, அடுத்ததுக்குப் போவது. ஒரு வாரம் தள்ளிவிட்ட பக்கத்துக்கே விரல் திரும்பத் திரும்பப் போனதாம். அப்புறம் பழகிவிட்டது. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றாறு என்று ஏறி, ஐந்தாம் மாதம் தொண்ணூற்றெட்டரையில் நின்றது. முடித்த குறிப்புகளின் எண்ணிக்கையிலும் அவர்தான் முதல். நிஷா இனிப்பு வாங்கிக்கொடுத்தாள்.

"நர்சுக்கு முதல்ல சொல்லிக் குடுக்குறதே பல்சு பாக்கத்தான்" என்றார் அன்று மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது. "அத்தப் பாக்காம இருக்கத்தான் இப்ப எனக்கு சம்பளம்."

தெருவில் அவருக்கு மரியாதை கூடியிருக்கிறது. முன்பு மாத்திரை அட்டையோடும் வீங்கிய காலோடும் வாசலில் வந்து நின்றவர்கள், இப்போது மகனுக்கு வேலை கேட்டு வருகிறார்கள். எதிர் வீட்டு வடிவுக்குத்தான் குழப்பம். "இன்னாக்கா, கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போறியாமே? அப்ப இனிமே ஊசி போடுவியா, மாட்டியா?" என்று கேட்டாளாம். அவளுடைய மாமியாருக்கு அன்றைக்கு மூச்சிரைப்பு. சுலோசனா போய்ப் பார்த்து, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வடிவு கொஞ்சம் தயங்கிவிட்டு, "எதுக்கும் ஒரு நர்சக் கேட்டுட்டுக் கூட்டிகினு போறோம்க்கா" என்றாள். நல்லவேளையாக அன்று மாலையே கொண்டுபோய்விட்டார்கள். கிழவி பிழைத்துக்கொண்டாள். சுலோசனா இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் வேலை உறுதியானது. அட்டையில் 'டிரெயினி' போய்விடும். சம்பளமும் கூடும். மகளுடைய அடுத்த வருடப் படிப்பு பற்றி இனிக் கவலை இல்லை. இளங்கோ ஷேர் ஆட்டோ நிறுத்தம் வரை வந்து வழியனுப்புகிறார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

உறுதியான முப்பது பேருக்கும் கம்பெனி மொட்டை மாடியில் ஒரு விழா வைத்தார்கள். அந்த விழாவின் வீடியோவை மறுநாள் ரயிலில் சுலோசனா எனக்குக் காட்டினார். எடுத்தவள் நிஷா. பலூன், கேக், எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பனியன். நெஞ்சில், அந்த வருடம் சேர்ந்த குழு என்பதற்காக, 'ஃப்ரெஷர்' என்று நீல எழுத்து. சுலோசனா அந்தப் பனியன் மேல் துப்பட்டாவை இரண்டு பக்கமும் இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் நிற்கிறார்.

கிருபாகரன் கேமராவோடு முன்னால் நிற்கிறார். "நான் மூணு சொன்னதும் எல்லாரும் குதிக்கணும். கால் தரையில இருக்கக்கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு."

எல்லோரும் எழும்புகிறார்கள். கிருபாகரன் கேமராவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார். "ஒருத்தர் மட்டும் நிக்கறீங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை எடுத்துடலாம்." பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் நிஷாவின் குரல் கேட்கிறது. "அவங்களுக்கு முட்டி வலி இருக்கும். ஓரமா நிக்கட்டுமே."

"இருக்கட்டும் நிஷா" என்கிறார் சுலோசனா. வரிசையிலிருந்து வெளியே வருகிறார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைக்கிறார். துப்பட்டாவை எடுத்து மடித்து நிஷாவிடம் நீட்டுகிறார். அது ஒரு கணம் திரை முழுவதையும் மறைத்து விலகுகிறது. அவர் திரும்பப் போய்த் தன் இடத்தில் நிற்கிறார். இரண்டு கை விரல்களையும் இறுக மடக்கிக்கொள்கிறார்.

"ஒண்ணு" என்கிறார் கிருபாகரன். "ரெண்டு."

மூன்று என்று சொல்வதற்கு முன்பே, வேறு யாரும் அசையாதபோது, சுலோசனா குதிக்கிறார்.